புதுப்பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி: 40 ஆண்டுப் பழைமையான வீடு ஒன்றை வாங்கவிருக்கிறோம். புதிதாக வண்ணம் பூசியிருப்பதால் பார்வைக்கு நன்றாகவே உள்ளது. கட்டுமானப் பொறியாளரின் விரிவான ஆய்வு அவசியமா?

பதில்: அவசியமே. விற்பனைக்கு முன் அவசரமாகப் பூசப்பட்ட வண்ணம் என்றால், எனக்குச் சற்றுச் சந்தேகம்தான் எழும். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலோ, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டுபோல் செல்லும் விரிசலோ அடித்தளம் சமமின்றி இறங்கியிருப்பதைக் காட்டக்கூடும். கான்கிரீட்டுக்குள் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கூரையின் அடிப்பகுதி பெயரத் தொடங்கும். சுத்தியலால் தட்டும்போது எழும் வெற்றொலியைக் கொண்டே பொறியாளர் இதனை ஓரளவு கணித்துவிடுவார். விற்பவர் தரும் அறிக்கையை நம்பியிராமல், உங்கள் சார்பில் ஒருவரை அமர்த்தி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆய்வை முடித்துக்கொள்ளுங்கள்.