ரேஞ்சில் புலி, போட்டியில் எலி

கேள்வி: எனக்கு வயது 46. வங்கியில் அதிகாரியாக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. பெங்களூரு வந்து இருபது வருடமாகிறது, தொம்லூரில் வீடு. கணவர் வெகுகாலமாக கோல்ஃப் ஆடுகிறவர். அவர் பின்னாலேயே போய் நானும் நாலு வருடமாக ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 28. டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலில் ஏழாம் நம்பர் ஐயன் மட்டையை எடுத்தால் கோச்சே நின்று பார்ப்பார். கிளப்பின் மாதாந்தரப் போட்டி என்றால் மட்டும் கை என் பேச்சைக் கேட்பதில்லை. போன மாதம் பதினாலாவது ஹோல் வரை அருமையாகப் போனது. கூட ஆடிய பெண், "மேடம், நீங்கதான் லீடிங் போல இருக்கே" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் குழிக்கு மூன்று அடியிலிருந்து பந்தை உருட்டிவிடும் பட் ஷாட்டைக்கூடத் தவறவிட்டேன். "ரேஞ்சில் புலி, போட்டியில் எலி. உனக்கு மனோதிடம் போதாது" என்கிறார் கணவர். தியானம் பழகவா, கோச்சை மாற்றவா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனோதிடம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். கடன் கேட்டு வருகிறவரிடம் முகத்துக்கு நேரே "முடியாது சார்" என்று நாளெல்லாம் சொல்கிறவருக்கு மனோதிடம் குறைவு என்றால் நான் நம்பமாட்டேன். போட்டியில் உங்கள் தைரியம் எங்கேயும் போய்விடவில்லை. கவனம்தான் இடம் மாறிவிடுகிறது. பந்து போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது என்று வேவு பார்க்கப் போய்விடுகிறது.

இதை உங்கள் கிளையிலேயே பார்த்திருப்பீர்கள். காசோலையில் இருக்கிற கையெழுத்து பதிவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. "சார், அக்கவுன்ட் ஆரம்பிச்சப்ப போட்ட மாதிரியே போடுங்க" என்கிறீர்கள். முப்பது வருடமாக யோசிக்காமல் போட்ட கையெழுத்தை அந்த மனிதர் இப்போது வளைவு வளைவாக யோசித்துப் போடுகிறார். பேனா நின்று நின்று நகர்கிறது. மூன்றாவது முறை போட்டது முதல் தடவையைவிட மோசமாக இருக்கிறது. "லீடிங்" என்ற சொல் காதில் விழுந்ததும் உங்கள் பட்டுக்கு நடந்தது இதேதான்.

சியன் பைலாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000களின் தொடக்கத்தில் தன் சகாக்களோடு இதைச் சோதித்துப் பார்த்தார். தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் ஸ்விங்கின் ஒவ்வொரு அசைவையும் கவனித்தபடி பட் அடிக்கச் சொன்னால் ஆட்டம் கெட்டது. அதற்குப் பதிலாக, காதில் விழும் ஒலிகளில் குறிப்பிட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கூடவே கொடுத்தபோது ஆட்டம் நன்றாகவே இருந்தது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் அசைவைக் கவனித்தால்தான் ஒழுங்காக அடித்தார்கள். நாலு வருடம் ஆடிய நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அதனால் என் கணக்கு இது: ரேஞ்சில் கை, இடுப்பு, கிரிப் எதைப் பற்றி வேண்டுமானாலும் யோசியுங்கள். முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், கால் வைத்த பிறகு அந்தப் பேச்சே கூடாது.

"யோசிக்காதே" என்றால் மனசு கேட்காது. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அதுவும் உடம்புக்கு வெளியே. கைகளைக் கவனிப்பதைவிட மட்டையின் வீச்சையும் பந்து விழ வேண்டிய இடத்தையும் கவனித்தால் ஷாட் துல்லியமாகிறது என்பது காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் பல சோதனைகளில் காட்டிய விஷயம். குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் இதற்கு ஆள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். பையைச் சுமக்கும் கேடி குனிந்து பார்த்துவிட்டு "லெஃப்ட் எட்ஜ், மேடம்" என்கிறார் அல்லவா? கப்பின், அதாவது குழியின், அந்த இடது விளிம்பில் ஒரு புல்லைத் தேர்ந்தெடுங்கள். பந்து எந்த வேகத்தில் அந்தப் புல்லைத் தாண்டி விழ வேண்டும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண் பந்துக்கு வரட்டும், அங்கேயே நிற்கட்டும். அடித்த பிறகும் ஒரு கணம் பந்து இருந்த இடத்தையே பார்க்கட்டும். நல்ல ஆட்டக்காரர்களின் கண் பட் அடிக்கும்போது இப்படித்தான் அலையாமல் நிற்கிறது என்று கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து காட்டியிருக்கிறார். மூன்று அடி பட் விழுந்ததா என்பதை நீங்கள் காதால் தெரிந்துகொள்ளலாம்.

நம் ஆட்டக்காரர்கள் கவனிக்காமல் விடுவது பயிற்சியின் வடிவத்தை. ரேஞ்சில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரே ஐயன், ஒரே பாய், ஒரே இலக்கு, கூடை நிறையப் பந்து. முதல் பந்து கோணலாகப் போனால் இரண்டாவது கையருகிலேயே இருக்கிறது. மைதானத்திலோ ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நிமிடம் போகிறது, மட்டை மாறுகிறது, சரிவு மாறுகிறது, இன்னொரு பந்தும் கிடையாது. நீங்கள் பழகுவது ஒரு ஆட்டம், போட்டியில் ஆடுவது வேறொரு ஆட்டம். ரேஞ்சில் புலியாக இருப்பது பெரிய விஷயமே இல்லை என்பேன். அங்கே எல்லாரும் புலிதான்.

கூடையில் பாதியைப் பழையபடி அடித்துக்கொள்ளுங்கள். மீதியில் உங்கள் கிளப்பின் மைதானத்தையே மனசுக்குள் ஆடுங்கள். முதல் ஹோலுக்கு டிரைவர், பந்து எங்கே போய் நிற்கும் என்று பார்த்து அடுத்த மட்டை, பிறகு கிரீனை நோக்கிப் பந்தைத் தூக்கி அடிக்கும் சின்ன பிட்ச். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்து, ஒரு தடவை காற்றில் வீசி, அடிக்க வேண்டும். ஷாட்டுக்கு முந்தைய இந்தச் சடங்கு ரேஞ்சிலும் போட்டியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கை நடுங்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கும்.

பட்டிங் கிரீனில் இன்னும் கொஞ்சம் கொடுமை வேண்டும். கப்பைச் சுற்றி மூன்று அடியில் ஆறு பந்து வையுங்கள். ஆறும் வரிசையாக விழுந்தால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். ஐந்து விழுந்து ஆறாவது தப்பினால் முதலிலிருந்து. அந்த ஆறாவது பந்தின் மேல் நிற்கும்போது வயிற்றில் ஏதோ பிசையும் பாருங்கள், போட்டியில் வருவதும் அதுதான். அதோடு பழகத்தான் இந்த ஏற்பாடு. பந்தயமாக ஒரு ஃபில்டர் காபியைக் கணவரோடு கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

தவறவிட்ட பட்டை நினைத்து மருகுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஆடும் ஆண்களே எட்டு அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். 2011 மாஸ்டர்ஸ் போட்டியில் கடைசி நாள் நான்கு ஷாட் முன்னிலையில் தொடங்கிய வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் அன்று 80 ஷாட் அடித்துக் கோட்டைவிட்டார் (கோல்ஃபில் ஷாட் குறைந்தால்தான் வெற்றி). இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அப்படியும் 2024 யு.எஸ். ஓப்பனின் கடைசி ஹோல்களில் குட்டி பட்டுகளை விட்டார். 2025-இல் மாஸ்டர்ஸையும் பிடித்தார். இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்துபோகிற வியாதி இல்லை. வரும், போகும்.

உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே கர்நாடக கோல்ஃப் சங்க மைதானம் இருக்கிறது. அங்கே சிறுமியாக மட்டை பிடித்த அதிதி அசோக்கை மறந்துவிட வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா பையைச் சுமக்க, தூரமாக அடிக்கிறவர்களுக்கு நடுவில் பட் அடிக்கும் மட்டையான பட்டரை நம்பி ஆடி, வெண்கலத்துக்கு ஒரே ஷாட் குறைவில் நான்காவது வந்தார். உங்கள் பயிற்சி நேரத்தில் பாதி கிரீனில் கழியட்டும் என்று நான் சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஷாட்டுகளுக்கு நடுவில் என்ன செய்வது? நூறு ஷாட் என்று வையுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வினாடி. நான்கு மணி நேர ஆட்டத்தில் நீங்கள் உண்மையில் அடிப்பது நான்கு நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் மனசு சும்மா இருக்கிறது, வம்பு அங்கேதான் பிறக்கிறது. டைகர் வுட்ஸ் கோபப்படத் தனக்குப் பத்துக் காலடி தூரம் கொடுத்துக்கொள்வாராம், அதைத் தாண்டினால் அந்த ஷாட் முடிந்த கதை. நீங்கள் இருபது எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் கேடியோடு தக்காளி விலை பேசுங்கள், அவர் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். பெங்களூரு மைதானங்களில் தமிழ் பேசும் கேடிக்குப் பஞ்சமில்லை. அடுத்த பந்தை நெருங்கும்போது மூச்சை நீளமாக வெளியே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

இனி உங்கள் கணவர். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், சரி. ஒரே போட்டியில் இரண்டு பேரும் ஆடும்போது "தலையைத் தூக்கிட்டே, அடுத்ததுக்குக் குனிஞ்சே இரு" என்று சொன்னால், கோல்ஃப் விதி 10.2-இன்படி அது ஆலோசனை. சொன்னவர் ஸ்கோரில் இரண்டு ஷாட் அபராதம் ஏறும். இதை ஒருமுறை அன்பாக ஞாபகப்படுத்துங்கள். கேடியிடம் கேட்பதற்குத் தடை கிடையாது.

தியானம் பிடித்திருந்தால் பழகுங்கள். பெங்களூருவில் பயிற்சி எடுத்து வளர்ந்த இந்திய ஆட்டக்காரர் அனிர்பன் லஹிரி விபாசனா தியானம் செய்கிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குச் சனிக்கிழமை போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை அது. கோச்சை மாற்ற வேண்டாம். அவரை ரேஞ்சைவிட்டு வெளியே கூப்பிடுங்கள். ஒன்பது ஹோல் உங்களோடு நடந்து வரச் சொல்லுங்கள், நீங்கள் எங்கே அவசரப்படுகிறீர்கள் என்பது அங்கேதான் அவர் கண்ணில் படும். போட்டிக்கு முந்தைய வாரம் ஸ்விங்கில் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பட் அடிக்கும் நொடியில் மணிக்கட்டு தானாக வெடுக்கென்று துள்ளினால், தனியாக ஆடும்போதும் அப்படித் துள்ளினால், அது பதற்றம் மட்டுமாக இருக்காது. யிப்ஸ் என்பார்கள், சிலருக்கு அதில் நரம்புச் சமாச்சாரமும் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் அதோடு வருடக்கணக்கில் போராடி, பட்டரைப் பிடிக்கும் முறையையே பலமுறை மாற்றித்தான் இரண்டு மாஸ்டர்ஸ் வென்றார். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி தெரியவில்லை. இருந்தால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த போட்டியில் ஸ்கோரை மனசுக்குள் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். யாராவது "லீடிங்" என்று ஆரம்பித்தால் "பார்க்கலாம் மேடம்" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வங்கிக்காரருக்குக் கூட்டாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் ஒவ்வொரு ஹோலுக்கும் எழுதியது சரியா என்று கடைசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. மொத்தத்தைக் கூட்டுவது கமிட்டியின் வேலை என்று விதியிலேயே இருக்கிறது.