இடம் காலியானபோது பழைய விதி, பேனல் போட்டபோது புது விதி

கேள்வி: மாநில அரசுத் துறை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். 19 வருட சர்வீஸ். கண்காணிப்பாளர் இடம் காலியானபோது துறைத் தேர்வு கட்டாயமில்லை. ஆறு மாதம் கழித்து, தேர்வில் தேறியவர்களுக்குத்தான் பதவி உயர்வு என்று விதியைத் திருத்தினார்கள். பிறகு பேனல் (பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியல்) போட்டு, நான்கு வருடம் ஜூனியரை எனக்கு மேலே உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குக் கோப்பு எழுதச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். காலியான தேதியில் இருந்த விதிதான் செல்லும் என்கிறார் சங்கச் செயலாளர். நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. 14 மாதம் ஓடிவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: யார் யாருக்குக் கோப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை நீதிபதி கேட்கப்போவதில்லை. அவர் பார்ப்பது இரண்டு தேதிகள்: விதித் திருத்தம் அமலுக்கு வந்த நாள், பேனலுக்காகப் பெயர்களைப் பரிசீலித்த நாள். உங்கள் கணக்கில் திருத்தம் முந்திவிட்டது.

செயலாளர் சொல்வது 1983-ஆம் ஆண்டின் ரங்கையா தீர்ப்பு. சங்கக் கூட்டங்களில் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் இல்லை. 2022-இல் இமாச்சலப் பிரதேச அரசு – ராஜ்குமார் வழக்கில் அதை ரத்து செய்துவிட்டார்கள். பதவி உயர்வு உங்கள் உரிமையல்ல. பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை, அதுவும் பரிசீலிக்கும் நாளில் அமலில் உள்ள விதிப்படி.

எனக்குக் கவலை தருவது உங்கள் நான்கு மனுக்கள். என்னிடம் வந்த ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒப்புகை அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். நினைவூட்டல்-1 தொடங்கி நினைவூட்டல்-9 வரை, ஏழு வருடத்துக்கு. அத்தனையும் தனக்குச் சாட்சி என்று நினைத்திருந்தார். எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஜூனியருக்குப் பதவி உயர்வு போனால் ஆறு மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருடத்தில் நீதிமன்றத்துக்கு வா என்று தமிழ்நாட்டிலிருந்து போன சதாசிவசாமி வழக்கிலேயே எழுபதுகளில் சொல்லியாயிற்று. நீங்கள் அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகிறது.

‘மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு போடலாம், உத்தரவு சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும்தான். துறையும் பரிசீலித்து நிராகரிக்கும். அந்த நிராகரிப்பு தேதியிலிருந்து புதிதாகக் காலக் கணக்குத் தொடங்காது என்று 2008-இல் சி. ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். வக்கீல் ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

ஒரே ஒரு வாசல் இருக்கிறது. அந்தத் ‘திருத்தம்’ உங்கள் பணிக்கான சிறப்பு விதிகளையே திருத்தி அரசிதழில் வந்ததா, துறைத் தலைவர் அனுப்பிய வெறும் சுற்றறிக்கையா? சுற்றறிக்கை விதியை வெல்லாது. சுற்றறிக்கைதான் என்றால் இந்த மாதமே தாக்கல் செய்யுங்கள், தாமதத்துக்குக் காரணம் சொல்லி. பதவி உயர்வு பெற்ற ஜூனியரை எதிர்மனுதாரராகச் சேருங்கள். தினமும் முகம் பார்க்க வேண்டுமே என்று அவரை விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். மனு அங்கேயே விழும்.

அரசிதழில் வந்துவிட்டது என்றால் வழக்கை மறந்துவிடுங்கள். துறைத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுங்கள், அடுத்த பேனலில் பெயர் வரட்டும். ஐந்தாவது மனுவை மட்டும் அனுப்பாதீர்கள்.