மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால்: கேள்வி பதில்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் உதவியா, செல்லம் கொடுப்பதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்காக இருந்து இப்போது டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: அந்தக் காலத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தே சறுக்காமல் நிறுத்துவோம். இந்த ஏபிஎஸ் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டதுதானே அண்ணா?

உங்கள் காலுக்கு இருப்பது ஒரே பெடல். இடது சக்கரங்கள் மணலிலும் வலது சக்கரங்கள் தாரிலும் ஓடும்போது எதற்கு எவ்வளவு பிரேக் என்று கால் பிரித்துக் கொடுக்குமா? ஏபிஎஸ் கொடுக்கும், நொடிக்குப் பல தடவை. அந்தப் பழைய பழக்கத்தை ஏபிஎஸ் வண்டியிலும் காட்டுவதுதான் ஆபத்து. என் மச்சான் கார் வாங்கிய வாரமே, மழையில் மாடு குறுக்கே வந்தது. பெடல் கடகடவென்று அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டார். மாடு தப்பித்தது, மைல்கல்லும் பம்பரும் தப்பவில்லை. அதிர்ந்தாலும் அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். சரளைக்கல்லில் மட்டும் வண்டி நிற்கும் தூரம் கூடலாம். பூட்டிக்கொண்ட சக்கரம் கல்லை முன்னால் குவித்து நிற்கும், உருளும் சக்கரம் குவிக்காது.

கல்லூரி மாணவர்: ஃபார்முலா ஒன்னில் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் தடை செய்திருக்கிறார்களே?

1994இல் தடை, 2001இல் அனுமதி, 2008இலிருந்து மறுபடி தடை. அங்கே பார்க்க வருவதே டிரைவரின் காலைத்தான் தம்பி. பால் வாங்கப் போகிற நமக்கு யார் கோப்பை தருகிறார்கள்?

மதுரையிலிருந்து: பைக்கில் ஏபிஎஸ் இருந்தும் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது.

சிங்கிள் சேனலாக இருக்கும். அது முன் சக்கரத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும்.

சேற்றில் மாட்டினால் ஆக்சிலரேட்டர் மிதித்தும் வண்டி நகரவில்லை. கோளாறா?

இல்லை. சக்கரம் வெறுமனே சுற்றுவதைப் பார்த்து டிராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜினின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆஃப் பட்டனை அழுத்தி மெதுவாக வெளியே எடுங்கள். தார் ரோடு வந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

அப்படியானால் செல்லம் கொடுப்பதே இல்லை என்கிறீர்களா?

செல்லம் நாம் எடுத்துக்கொள்வது. ஜெர்மனியின் மியூனிக்கில் டாக்சிகளில் ஒரு பாதிக்கு ஏபிஎஸ் வைத்து, மறுபாதியை வைக்காமல் விட்டுப் பார்த்தார்கள். விபத்துக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை ஒட்டிக்கொண்டு போனார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். சக்கரம் வழுக்கி டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலை செய்யும்போது மீட்டரில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டும். அப்போது என் மாணவர்களிடம் சொல்வேன்: 'அது உன்னைத் திட்டுகிறது.'

நாமக்கல்லிலிருந்து: கொல்லிமலை போகிறோம், 70 கொண்டை ஊசி வளைவு. காரில் ஈஎஸ்சி இருக்கிறது, பயமில்லையே?

வண்டி வளைவை விட்டு விலகினால் ஈஎஸ்சி ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து இழுத்துத் திருப்பும். நல்ல சரக்குதான். ஆனால் ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். அது மொட்டையாக இருந்தால் கம்ப்யூட்டர் எதைப் பிடிக்கும்? டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது மேல்மட்டத்துக்கு வந்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள், மேடு மட்டத்தைத் தொட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இறங்கும்போது செகண்ட் கியர். பிரேக் தீயும் வாசனை வந்தால் ஓரம் கட்டி, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு அப்புறம் இறங்குங்கள்.