ஃபைட்டருக்கு என்ன கிடைத்தது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணா,

கொரோனா காலத்தில் ஆன்லைனில் ஆரம்பித்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் கூடி, பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாடும் ஐந்து பேர் நாங்கள். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துபவன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் இதுவரை வைத்து ஓட்டுகிறோம். அந்த விதிகளைத் திருத்தி 2024 புத்தகங்கள் வந்ததும் குழுவில் ஒருவன் மூன்றையும் வாங்கிவிட்டான், வாயைத் திறந்தால் அதே பேச்சு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய விதிகளுக்குப் புது அட்டை போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. மற்றவர்கள் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட அனுமதிக்கும் லைசென்ஸை மாற்றப் பார்த்த 2023 விவகாரத்துக்குப் பிறகு, இதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தை எப்படி நம்புவது? பாலடின் என்ற புனித வீரனின் டிவைன் ஸ்மைட்டை (அடியோடு சேரும் கூடுதல் காயம்) கெடுத்துவிட்டார்கள், ரேஞ்சர் என்ற வேட்டைக்காரனை ஹன்டர்ஸ் மார்க் என்ற ஒரே மந்திரத்தோடு கட்டிப்போட்டுவிட்டார்கள். புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை, ஆனால் நிறைய வீடியோ பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நாலாவது ஆள் எப்போதும் ஆயுதத்தை நம்பிச் சண்டை போடும் ஃபைட்டர்தான் எடுப்பார், அவருக்கு விதியெல்லாம் ஒரு பொருட்டில்லை, "எனக்கு எதுவானாலும் சரி" என்கிறார். பாதியில் நிற்கும் எங்கள் கதையைப் புதிய விதிகளுக்கு மாற்றலாமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லப்போவதில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த ஃபைட்டர் நண்பரைப் பற்றி, அது என்னை விடவில்லை. ஆடுபவர்களுக்கான விதிநூலான புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் படித்ததிலிருந்து நானும் ஃபைட்டரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பழசுக்குப் புது அட்டையா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமே இல்லை. 2003இல் மூன்றாம் பதிப்பைத் திருத்தி 3.5 வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள், அதற்கு மூன்று வருடம் முன்பு மூன்றாம் பதிப்பு வந்தபோது இது வேறு விளையாட்டு என்று அழுதவர்களே அந்த 3.5ஐப் பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். புத்தகத்தை விற்கத்தான் அச்சடிக்கிறார்கள். 1974இல் இந்த விளையாட்டை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னசனும் ஆயிரம் பெட்டிகள் போட்டதும் விற்கத்தான்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்றால் அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 25 சதவீதம் கொடு என்று சின்னப் பதிப்பாளர்களிடம் கேட்க எழுதிய வரைவு அது, இருபது வருடம் எல்லோரும் நம்பியிருந்த திறந்த லைசென்ஸையே செல்லாது என்று ஆக்கப் பார்த்தது. ஆனால் அதே 2023 ஜனவரி 27ஆம் தேதி என்ன நடந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசகர்கள் கொதித்த கொதிப்பில் அந்த நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது, அதை இனி யாரும் திரும்ப எடுக்க முடியாது. 2024 விதிகளின் அடிப்படையும் 2025 ஏப்ரலில் அப்படியே வெளிவந்துவிட்டது. ஒரு பைசா கொடுக்காமல் அதை இறக்கிப் படிக்கலாம். ஆகவே காசு பிடுங்குகிறார்கள் என்பது புத்தகத்தை வாங்காமல் இருக்கக் காரணமாகலாம், விதிகளைப் படிக்காமல் இருக்கக் காரணமாகாது.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும் தம்பி. படிக்கவில்லை, வீடியோ பார்த்தேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? நீங்கள் டி.எம். நாலு பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதை விளையாடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்துகொண்டு, எவரோ ஒருவர் கேமரா முன்னால் கையை ஆட்டி ஆட்டி ஸ்மைட் செத்துவிட்டது என்று சொன்னதைக் கேட்டு நீங்கள் முடிவெடுப்பீர்களா? அந்த ஸ்மைட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இப்போது மந்திரமாகி, சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கிறது, அதனால் ஒரே சுற்றில் எல்லா அடிக்கும் ஸ்மைட் சேர்த்து டிராகனை முதல் சுற்றிலேயே முடிக்க முடியாது. ஆடுபவருக்கு இது நஷ்டம். மற்ற மூன்று பேர் கையில் பகடையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த சண்டைகளை உங்கள் மேசையிலேயே பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கு இது என்ன என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

எனக்குப் பதிப்புகளைப் பற்றி ஒரே கேள்விதான் உண்டு. மேசையில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இந்தப் புத்தகம் அவருக்கு என்ன கொடுக்கிறது?

2008இல் நான் மின்னசோட்டாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆர்னசன் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் பிளாக்மூர் என்ற தன் கதையுலகை நடத்தியது அந்தப் பக்கம்தான், எங்கள் டி.எம். அந்த ஊர்ப் பெருமையைத் தலையில் சுமந்து திரிந்த மனிதர், உண்மையிலேயே நல்ல கதைசொல்லி. 3.5 விளையாடிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மச்சான் கூப்பிட்டார் என்று வந்தவர், மந்திரம் எல்லாம் எனக்குப் புரியாது என்று ஃபைட்டரை எடுத்தார், அப்புறம் மாற்றவே இல்லை. 3.5இல் ஃபைட்டர் என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. மந்திரவாதியான விசார்ட் ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்தை வீசுகிறார், பிறகு பறக்கிறார், சுவரை எழுப்புகிறார், பதினேழாம் லெவலில் விஷ் போட்டு உலகத்தையே வளைக்கிறார். ஃபைட்டர்? நகராமல் நின்றால் நாலு முறை அடிக்கலாம். நகர்ந்தால் ஒரு முறை. விசார்ட் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார், நாங்கள் எல்லோரும் காத்திருப்போம், அப்புறம் இவர் முறை வரும், "அடிக்கிறேன்" என்பார், பகடை உருளும், முடிந்தது. மாலை முழுக்க அவர் பேசிய வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு தாளின் பாதிகூட நிரம்பாது.

அந்த ஜூனில் நாலாம் பதிப்பு வந்தது. மார்ச்சில்தான் கைகாக்ஸ் இறந்திருந்தார். துக்கத்தில் இருந்தவர்கள் கையில் பழைய விதிகளைக் குலைத்துப்போட்ட புத்தகம் வந்து விழுந்தது, யார் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் டி.எம். முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி, ஆடிப் பார்ப்போம் என்றார். நாலாம் பதிப்பில் ஃபைட்டர் ஒருவரை அடித்தால் அவரைக் குறி வைத்துவிடலாம், குறி விழுந்த எதிரி வேறு யாரையாவது அடிக்கப் போனால் அவன் பகடையில் இரண்டு குறையும், பக்கத்தில் இருந்தால் ஃபைட்டர் குறுக்கே புகுந்து ஓர் அடி கொடுப்பார். கேடயத்தால் இடித்து எதிரியை ஒரு கட்டம் பின்னால் தள்ளலாம், அதையும் நினைத்தபோதெல்லாம். முதல் நாளே பள்ளத்தின் விளிம்பில் காப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று எங்கள் விசார்டை நோக்கி ஈட்டியை ஓங்கிக்கொண்டு நின்றது. அச்சகக்காரர் தன் தாளை நீண்ட நேரம் பார்த்தார். "இவனைத் தள்ளினால் கீழே போவான். ஆனால் அந்தப் பெரியவனைக் குறி வைக்காமல் விட்டால் அவன் உங்களிடம் வருவான். எது வேண்டும்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த மாதங்களில் அவர் தன் ஃபைட்டருக்கு ஊர் வைத்தார், ஒரு தங்கை வைத்தார், அவளுக்குக் கடன் பாக்கியும் வைத்தார். விதிகள் கதையைக் கொல்லும் என்று சொல்பவர்கள் அந்த மேசையில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாலாம் பதிப்பில் குறை இல்லை என்று சொல்லவில்லை. சண்டைகள் இழுத்துக்கொண்டே போகும், பூதங்களின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) தேய்வதற்குள் கண் சொக்கும், யாருக்கு என்ன நிலை, எத்தனை சுற்றுக்கு என்று எழுதி வைத்தே கை ஓய்ந்துவிடும். எண்களை அவர்கள் சரிசெய்வதற்குள் வருடம் 2010 ஆகிவிட்டது. லைசென்ஸையும் இறுக்கினார்கள், 2007 வரை டி அண்ட் டியின் பத்திரிகைகளை அச்சிட்டுவந்த பைசோ நிறுவனம் பழைய 3.5ஐ எடுத்துத் திருத்தி 2009இல் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டது, ஆட்களில் பலர் அங்கே போனார்கள். எங்கள் டி.எம்.உம் போனார். இது டி அண்ட் டி இல்லை, கம்ப்யூட்டர் கேம் என்றார், அந்த வரியைப் புத்தகம் கடைக்கு வரும் முன்பே அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். குழு இரண்டாகி வாக்குவாதம் நடந்தது. அச்சகக்காரரிடம் கேட்டபோது, "எனக்கு எதுவானாலும் சரி" என்றார். பழைய விதிகளுக்குத் திரும்பினோம். சில வாரம் வந்தார், அடிக்கிறேன், அடிக்கிறேன் என்றார், அப்புறம் ஷிஃப்ட் மாறிவிட்டது என்றார்.

ஆர்., உங்கள் நண்பருக்கு விதிகள் ஒரு பொருட்டில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. அவருக்கு விதிகள் எதையும் கொடுக்கவில்லை, அதனால் அவரும் விதிகளிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அவர் ஃபைட்டரில் சாம்பியன் என்ற எளிய வகைதானே எடுத்திருக்கிறார்? பகடையில் 20 மட்டுமல்ல, 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல், அதாவது கூடுதல் காயம், அவ்வளவுதானே அவருடைய புதுமை?

இப்போது 2024 புத்தகத்தைத் திறந்து ஆயுதங்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மாஸ்டரி என்ற தனித்திறமை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், ஃபைட்டர் முதல் லெவலிலேயே மூன்று ஆயுதங்களில் அதைப் பயன்படுத்தலாம். பெரிய சம்மட்டியான மால் பட்டால் எதிரி குப்புற விழலாம். வார்ஹேமர் பத்து அடி தள்ளும். லாங்ஸ்வார்ட் பட்டவனுக்கு அடுத்த அடி தடுமாறும். கிரேட்ஸ்வார்ட் தவறினாலும் கொஞ்சம் காயப்படுத்தும், ஐந்தாம் பதிப்பைச் சோதனையில் விட்ட நாட்களில் 'தவறினாலும் காயமா' என்று மனிதர்கள் மாதக்கணக்கில் கத்தி அதை வெளியே தள்ளினார்கள், இன்று அது திரும்பி வந்திருக்கிறது. அதோடு இரண்டாம் லெவலில் டாக்டிக்கல் மைண்ட் என்று ஒன்று, பூட்டைத் திறக்கவோ காவலாளியிடம் பேசவோ போய்த் தோற்றால் உயிர்ப்புள்ளியை மீட்கும் தன் செகண்ட் விண்டைச் செலவழித்துப் பத்துப் பக்கப் பகடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்படியும் தோற்றால் செலவு இல்லை. சண்டைக்கு வெளியிலும் ஃபைட்டர் வாயைத் திறக்க ஒரு வழி. செகண்ட் விண்ட் என்ற பெயரே நாலாம் பதிப்பிலிருந்து வந்தது. ஹிட் பாயிண்ட் பாதியானால் பிளடிட் என்று சொல்வதும் அங்கிருந்துதான். எல்லோரும் திட்டிய அந்தப் புத்தகத்திலிருந்துதான் இதையெல்லாம் எடுத்திருக்கிறார்கள், எடுத்தது நல்லதுதான், அதன் பெயரையும் கொஞ்சம் மரியாதையோடு சொல்லியிருக்கலாம்.

வாங்கி வைத்திருக்கும் நண்பனிடமும் ஒன்று சொல்லுங்கள், அவன் உற்சாகத்தால் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் எல்லாரையும் மாற்றியே தீருவேன் என்று நிற்காமல் அந்த ஆயுதப் பக்கத்தை ஃபைட்டர் நண்பரிடம் கொடுத்துவிட்டு ஒரு ஞாயிறு சும்மா இருக்கட்டும்.

பாதிக் கதையை மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போதே மாற்ற வேண்டாம். கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, இலவச விதிகளை வைத்து ஒரே மாலையில் முடிகிற தனிக்கதை ஒன்றை நடத்துங்கள், மூன்றாம் லெவல் போதும். பள்ளம், பாலம், படிக்கட்டு எல்லாம் இருக்கிற இடமாக வையுங்கள், தள்ளினால் விழ இடம் வேண்டும். முடிந்ததும் வாக்கெடுப்பு வேண்டாம், ஃபைட்டர் நண்பரிடம் தனியாகப் பேசுங்கள், அவர் மறுபடியும் எதுவானாலும் சரி என்றால் விடாதீர்கள், எந்த அடி பிடித்தது என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

ரேஞ்சர் விஷயத்தில் உங்கள் வீடியோக்காரர்கள் சொன்னது சரிதான். இருபதாம் லெவல் வரை உழைத்துவிட்டு ஹன்டர்ஸ் மார்க்கின் ஆறு பக்கப் பகடை பத்துப் பக்கமாகிறது என்றால் யாருக்குத்தான் மனம் நிறையும்? உங்கள் மேசையில் ரேஞ்சர் இருந்தால் அந்த மந்திரத்துக்கு கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தில் மட்டுமே கவனம் என்ற கட்டுப்பாடு) தேவையில்லை என்று நீங்களே விதியை மாற்றிவிடுங்கள். டி.எம்.முக்கு அந்த உரிமை 1974இலிருந்தே உண்டு.

அன்புடன்