வார்டில் கண்டிப்பும் வதையும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 மாதமாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் அந்தியூர் பக்கம். 5 மாதத்துக்கு முன்பு ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் புதுசு"தான். ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே "உனக்கெல்லாம் யாரு சர்டிபிகேட் குடுத்தது" என்பார். சந்தேகம் கேட்டால் "காலேஜ்ல என்ன பண்ணிட்டிருந்த?" கேட்காமல் செய்தால் "யாரைக் கேட்டுச் செஞ்ச?" போன மாதம் எனக்கு 12 நைட், மற்றவர்களுக்கு 6 அல்லது 7. டீ குடிக்க எல்லோரும் சேர்ந்து போவார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

டூட்டிக்கு முந்தின ராத்திரியே வயிற்றைக் கலக்குகிறது. 2 மாதமாக மாதவிடாய் வரவில்லை. அம்மாவிடம் சொன்னால் "புதுசுல எல்லாத்துக்கும் அப்படித்தான் சாமி, பொறுத்துப் போ" என்கிறார். 2 வருடம் இங்கேயே வேலை செய்வதாகப் பத்திரத்தில் பாண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கின்றன. எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லையா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உங்களிடம் குறை இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்தே சொல்கிறேன்.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. செவிலியர் வேலையில் கண்டிப்பு வேண்டும். ஓர் உதாரணம். பொட்டாசியம் குளோரைடு என்ற மருந்தின் ஆம்ப்யூல், அதாவது சிறு குப்பி, 10 மில்லி. அதில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. அதை 500 மில்லி சலைனில் கலந்து, மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டாமல் ஏற்ற வேண்டும். அப்படியே சிரிஞ்சில் எடுத்து நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊற்றிவிட்டுக் குலுக்காமல் விட்டாலும் ஆபத்துதான். மருந்து கனமானது, அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பாட்டிலைக் கழற்றிப் பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். ஒரு புதுப் பெண் கலக்காத ஆம்ப்யூலோடு கட்டிலை நோக்கிப் போகிறாள் என்றால் சீனியர் கத்தத்தான் வேண்டும், கையைத் தட்டிவிட்டாலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கத்தல் ஆம்ப்யூலோடு முடியும். பத்து நிமிடம் கழித்து டூட்டி ரூமில் அதே சீனியர் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவார், "இப்ப நீ பண்ணு பார்க்கலாம்" என்பார். இது கண்டிப்பு.

உங்கள் வார்டில் நடப்பதில் இந்த இரண்டாம் பாதி இல்லை. கேட்டாலும் ஏச்சு, கேட்காவிட்டாலும் ஏச்சு என்றால் அங்கே திருத்தப்படுவது எந்தத் தப்பும் இல்லை. குறி ஆள்மேல்தான். பணியிட வதையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஸ்வீடனில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன். வாரம் ஒரு முறையாவது, 6 மாதம் தொடர்ந்து நடந்தால் வதை என்று அவர் கணக்கு வைத்தார். அது ஆய்வுக்கான கணக்கு. ஆறாவது மாதமும் முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் நோயாளிக்கும் கேடு இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு அந்த ஆம்ப்யூல் விஷயத்தில் சந்தேகம் வந்தால், ஐந்து மாதம் ஏச்சு வாங்கிய பெண் யாரையும் கேட்க மாட்டாள். தன் ஊகத்தில் செய்வாள். வார்டில் கேள்வி கேட்கப் பயம் வந்துவிட்டால் மருந்துத் தவறு வெளியே தெரியாது. நோயாளிக்கு ஏதாவது ஆன பிறகுதான் தெரியும். புகார் எழுதும்போது இந்த வாதத்தைத்தான் முன்னால் வையுங்கள். "என்னை அவமானப்படுத்துகிறார்" என்பதற்கு அசையாத நிர்வாகம், "மருந்துச் சந்தேகம் கேட்க முடியாத நிலை இருக்கிறது" என்றால் நிமிர்ந்து உட்காரும்.

கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 12 நைட். ஏச்சு காற்றோடு போய்விடும், சாட்சிக்கு ஆள் வராது. டூட்டி லிஸ்ட் காகிதத்தில் இருக்கிறது, அதுவும் இன்சார்ஜின் கையெழுத்தோடு. வதை பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு நோட்டை எடுத்து, கடந்த 5 மாத லிஸ்ட்டையும் கட்டம் போட்டுப் பெயர் வாரியாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் மொத்தம் எத்தனை நைட், தொடர்ச்சியாக எத்தனை, ஈவினிங் டூட்டி முடித்து அடுத்த காலையே யார் வரவேண்டியிருந்தது என்று பாருங்கள். காலை 8 மணிக்கு நைட் முடித்து இறங்கும் ஆளுக்கு அந்த நாளையே வார விடுமுறையாகக் கணக்கு காட்டுவது ஒரு பழைய தந்திரம். அது யாருக்கு எத்தனை முறை நடந்தது என்றும் எண்ணுங்கள். கொடுத்த லீவை முந்தின நாள் ரத்து செய்தது, வேலை அதிகமுள்ள நோயாளிகளின் கட்டில்களையெல்லாம் ஒருவருக்கே ஒதுக்கியது, இதெல்லாம் நோட்டில் வரட்டும். லிஸ்ட் வாட்ஸாப் குழுவில் வந்திருந்தால் பழசைத் தேடி எடுக்கலாம்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் நடந்ததை நடந்த அன்றே எழுதுங்கள். தேதி, மணி, எந்த ஷிஃப்ட், என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். "எப்போதும் திட்டுவார்" என்ற வரிக்கு மதிப்பே இல்லை, "செவ்வாய் காலை 7.50, ஓவரில், இரண்டு ஸ்டாஃப் முன்னிலையில்" என்ற வரிக்கு உண்டு. நோயாளியின் பெயரையோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையோ எழுதாதீர்கள், கேஸ் ஷீட்டைப் படம் எடுக்காதீர்கள். பிறகு அதையே உங்கள்மேல் குற்றமாகத் திருப்பிவிடுவார்கள். நோட்டு ஹாஸ்டல் அறையில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.

இனி உடம்பு. பின்லாந்தில் 5,432 மருத்துவமனை ஊழியர்களை இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை விசாரித்த ஆய்வு 2003இல் வெளியானது. இரண்டு முறையும் வதைக்கு ஆளானதாகச் சொன்னவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 மடங்குக்குமேல் இருந்தது. இதய நோய்க்கு 2 மடங்குக்குமேல். அதில் ஒரு பகுதிக்குக் காரணம் அதிக உடல் எடை. உங்கள் வயிற்றுக் கலக்கலுக்குக் காரணம் கற்பனை இல்லை. அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று காத்திருக்கும் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் இறங்காமலே நிற்கும். குடல் முறுக்கும், தூக்கம் பிடிக்காது, நெஞ்சு படபடக்கும். அதன்மேல் 12 நைட் சேர்ந்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளையே தடுமாறும், மாதவிடாய் தள்ளிப்போகும்.

அதற்காக எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் போட்டுவிடக்கூடாது. கல்யாணமானவரா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் கர்ப்பப் பரிசோதனையில் தொடங்குவதுதான் மருத்துவ முறை. பிறகு தைராய்டுக்கு டி.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற ஹார்மோன், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம். தேவைப்பட்டால் ஸ்கேன். வேலை செய்யும் மருத்துவமனையில் காட்டாதீர்கள். மாலைக்குள் டூட்டி ரூமில் பேச்சாகிவிடும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவரிடமோ போய், நைட் கணக்கையும் வதையையும் சேர்த்தே சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டூட்டியில் பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவராக இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், வார்டு அலமாரியிலிருந்து தூக்க மாத்திரை எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்சார்ஜிடம் ஒருமுறை நேராகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சண்டை வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும். "அக்கா, தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். பேஷண்ட் ஆளுங்க முன்னாடி வேண்டாங்க, டூட்டி ரூம்ல சொல்லுங்க." கண்ணாடி முன் பத்து தடவை சொல்லிப் பழகுங்கள், குரல் நடுங்காமல் வரும்வரை. மாறவில்லை என்றால் நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு எழுத்தில் கொடுங்கள், எச்.ஆருக்கு நகல். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மூன்று சம்பவம் தேதியோடு, டூட்டி லிஸ்ட் கட்டம் ஒன்று, கோரிக்கை ஒன்று: வார்டு மாற்றம் அல்லது நைட் சமமாக. பத்து கோரிக்கை வைத்தால் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு முடித்துவிடுவார்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

சட்டத்தில் இதற்கு நேரான பாதை நம் நாட்டில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் 190ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை. வதையில் பாலியல் சீண்டல் கலந்திருந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 10 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆகவேண்டும், 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டிலும் சேராத வதைக்கு உங்கள் நோட்டுதான் ஆயுதம்.

பாண்ட் உங்களை மிரட்டும் அளவுக்குப் பெரியதில்லை. பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதையும் அப்படியே வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, எழுதிய தொகை அதன் உச்ச வரம்பு மட்டுமே. அசல் சான்றிதழ் உங்களுடையது, அதைப் பணயமாகப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தராவிட்டால் ஈரோடு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கோபத்தில் ஒருநாள் டூட்டிக்கு வராமல் நின்றுவிட மட்டும் செய்யாதீர்கள். அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் லெட்டரும் அதில்தான் மாட்டிக்கொள்ளும். விலகுவதானால் நோட்டீஸ் காலத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் விலகுங்கள்.

அந்த இன்சார்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவிலியர்கள் தம் குஞ்சுகளைத் தாமே தின்கிறார்களா என்று அமெரிக்காவில் ஜூடித் மைஸ்னர் என்பவர் 1986லேயே கேட்டார், சீனியர்கள் புதியவர்களை வதைப்பதைத்தான் அப்படிச் சொன்னார். 30 கட்டிலுக்கு ராத்திரியில் இரண்டு பேர் என்று நிர்வாகம் ஆள் போட்டால், மேலேயிருந்து வாங்கும் ஏச்சு படிப்படியாக இறங்கிக் கடைசிப் படியில் நிற்கும் பெண்மேல் விழும். அவரும் ஒரு காலத்தில் யாருக்கோ "புதுசு"தான். காரணம் புரிகிறது என்பதால் அவர் செய்வது சரியாகிவிடாது. பால் குடிக்கும் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் ஊரில், ராத்திரி முழுக்க ஓடிக் களைத்த பெண்ணுக்கு அவள் பெயர்கூடக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனை.

டீ மேசையில் பேச்சை நிறுத்துகிறவர்களில் ஒருத்தியாவது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கண்டுபிடியுங்கள். அவளிடம் சாட்சி சொல்லக் கேட்க வேண்டாம், அவளுடைய நைட் கணக்கை மட்டும் கேளுங்கள். கட்டத்தில் இன்னொரு வரிசை கிடைக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா