பசிக்காகத் திரும்பி வந்தவன்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் விட்ட ஜெபத்தை, மகன் நோயில் விழுந்தபோதுதான் மறுபடி தொட்டேன். இப்போது அவன் நலம். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தாலே வெட்கமாக இருக்கிறது. காரியம் ஆகவேண்டும் என்றுதானே வந்தேன்? போதாக்குறைக்கு, என் தங்கைக்குச் சேரவேண்டிய பணத்தை நான் மறைத்திருக்கிறேன். முதலில் என்னைச் சரிசெய்துகொண்டு பிறகு கடவுளிடம் வருவதுதானே முறை?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் உவமை சொல்கிறார். தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அதை அழித்த அந்த இளைய மகன் எதற்காக வீடு திரும்பினான் என்று பாருங்கள். அப்பாவின் மேல் பாசம் பொங்கியா? இல்லை. பன்றிகள் தின்னும் தவிடுகூடக் கிடைக்காத பசி. ‘அப்பாவின் கூலிக்காரர்களுக்கே வயிறாரச் சாப்பாடு இருக்கிறதே’ என்ற கணக்கு. இயேசு அதை மறைக்கவில்லை. காரியத்துக்காக வந்தவனுக்குத்தான் கதவு திறந்தது.

அவன் வழியெல்லாம் சொல்ல மூன்று வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தான். பாவம் செய்தேன், உங்கள் மகன் எனப்பட எனக்குத் தகுதியில்லை, கூலிக்காரர்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனோ அவன் தூரத்தில் வரும்போதே கண்டு, மனமுருகி, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் முதல் இரண்டைச் சொல்கிறான். மூன்றாவதை அவன் சொல்வதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். கூலிக்காரனாகத் திரும்பும் பேரத்துக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. ‘என்னைச் சரிசெய்துகொண்டு வருகிறேன்’ என்று நீங்கள் சொல்வதும் அந்த மூன்றாவது வாக்கியம்தான், சகோதரி.

அப்படியானால் தங்கையின் பணம்? அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அதே லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு வரி வசூலித்துச் சேர்த்த பணக்காரன். அவன் திருந்திய பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. ‘இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்’ என்றார் முதலில். அதன் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரக்கம் முந்தியது. ஆனால் இரக்கம் வந்த வீட்டில் கணக்கு தீர்க்கப்படாமல் இருக்கவும் இல்லை.

தள்ளிப்போடாதீர்கள். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய ஆசிரியராக அறியப்பட்ட அகஸ்டின் இளமையில் ‘எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்’ என்று ஜெபித்தவர். 386-இல் மனம் திரும்பி, 387 ஈஸ்டரில் மிலானில் ஞானஸ்நானம் பெற்றபின், பிந்திப்போன அந்த வருடங்களை நினைத்து ஏங்கியே எழுதினார்.

ஆகவே இன்று இரவே ஜெபியுங்கள், வெட்கத்தோடேயே. பிறகு தங்கையிடம் போய் எவ்வளவு மறைத்தீர்கள் என்பதைச் சொல்லி, முழுப் பணத்தையும் கொடுங்கள். காரணங்கள் அடுக்க வேண்டாம். அவர் கோபப்படலாம், பேசாமலும் போகலாம். அது அவருடைய உரிமை. தம்பிக்கு விருந்து வைத்ததில் கோபப்பட்டு வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் வந்தானா என்று இளைய மகனின் அந்த உவமை சொல்லவில்லை. அதற்காகத் தகப்பன் இளையவனை வெளியே அனுப்பவும் இல்லை.