வாய்க்காலுக்கு வாய் இருக்கு

அன்புள்ள அக்கா,

மன்னார்குடியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். சமூக அக்கறையுள்ள ராப் பாடல்களின் சொல்லாட்சி பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பைச் சொன்னதும் எங்கள் பேராசிரியர், "கோபம் இருக்கு, சரி. அணி எங்கே இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கேட்பவரை இணங்க வைக்கும் வழிகள் என்று அரிஸ்டாட்டில் சொன்ன நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் மூன்றையும் வைத்து எழுதலாமா? என் தம்பியும் ராப் எழுதுகிறான். எங்கள் ஊர் முத்துப்பேட்டை பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. அவன் எழுதிய நாலு வரி இது:

மேட்டூரத் தொறந்தாச்சு, டிவியில பாத்தாச்சு
வாய்க்காலுக்கு வாய் இருக்கு, ஒரு வாய் தண்ணி இல்ல
உழவன் கண்ணீரு, ஊருக்கே செந்நீரு
எழுந்து வா தமிழா, இனியும் தூங்காதே

இதில் இலக்கியம் என்று ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தம்பியின் இரண்டாவது வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் கேட்ட அணி அதில் இருக்கிறது. வாய்க்காலில் உள்ள வாய் நீர் நுழையும் இடம். அடுத்தது பேசுகிற வாய். மூன்றாவது, குடிக்கிற ஒரு வாய். ஒரே சொல் வேறு வேறு பொருளில் திரும்பத் திரும்ப வருவதை அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல் பின்வருநிலை என்கிறது. தம்பி அதைப் படித்திருக்க மாட்டான். வறண்ட வாய்க்காலைப் பார்த்து நின்றவனுக்கு அது தானாக வந்திருக்கிறது.

முதல் வரியையும் விட்டுவிடாதீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். தொறந்தாச்சு, பாத்தாச்சு என்பது இயைபு, அது காதுக்கே தெரியும். அதைவிட முக்கியம், இரண்டு வினைக்கும் ஆள் இல்லை. யார் திறந்தார், யார் பார்த்தார் என்று சொல்லாமல் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஓர் "ஆச்சு". அறிவிப்புகளின் குரல் அது. அந்தக் குரலைக் கடன் வாங்கிப் பேசிவிட்டு, அடுத்த வரியில் இருக்கு, இல்ல என்று முரணில் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

அப்புறம் மூன்றாவது வரியில் எனக்கு வருத்தம். கண்ணீர் வந்ததும் செந்நீர் வந்துவிட்டது. இயைபு யோசனையை முந்திக்கொண்டது. நான்காவது வரியில் "தமிழா" என்று கூப்பிடுகிறான். யாரை? உங்கள் வயலுக்குத் தண்ணீர் வராததில் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கருக்குப் பங்கு இருக்கலாம், மேலே முறை மீறிப் பாய்ச்சிக்கொள்ளும் தலைமடைக்காரருக்கும் இருக்கலாம். அவர்களும் தமிழர்கள்தான். எல்லோரையும் கூப்பிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

"உழவன்" என்ற சொல்லிலும் இதே சிக்கல். நம் மண்ணில் அது யார்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. நிலத்தில் இறங்கி உழுதவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்களாக இருந்த ஊர்கள் இவை. உழவன் என்று ஒருமையில் பாடும்போது பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். சமூக அக்கறையுள்ள பாட்டு என்று சொல்லிக்கொண்டு அந்தத் தவறைச் செய்யவே கூடாது.

அதனால் உங்கள் கட்டுரைக்கு என் யோசனை இதுதான். அரிஸ்டாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மூன்று பெட்டி போட்டு வரிகளைப் பிரித்து அடுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், அதை யார் ஒட்டுக்கேட்கும்படி பேசுகிறார் என்று பாருங்கள். உங்கள் ஊர் ஒப்பாரியில் இது உண்டு. அழுகிறவள் இறந்தவரைக் கூப்பிட்டுத்தான் பாடுவாள். குத்துவது பந்தலில் உட்கார்ந்திருக்கும் அண்ணனையும் நாத்தனாரையும். நேரில் கேட்க முடியாததை அந்த மறைவில் கேட்டுவிடுவாள்.

2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டில் ராப் பாடகர் அறிவு இதைத்தான் செய்கிறார். ஒப்பாரியின் சாயல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. "தோட்டம் செழித்தாலும் என் தொண்டை நனையலையே" என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம், தொண்டை என்று மோனை. செழித்தது ஒன்று, காய்ந்தது இன்னொன்று என்று முரண். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பது தெரிந்தால், "தோட்டம்" என்ற சொல்லே இரண்டாகப் பிரிந்து கேட்கும். "என்" என்று பேரன் எழுதுகிறான், தாகம் பாட்டியுடையது. முழக்கம் ஒன்றுகூட இல்லாத வரி அது. 1982இல் நியூயார்க்கிலிருந்து வந்த 'தி மெசேஜ்' என்ற ராப் பாட்டும் அப்படித்தான், அதன் முதல் சரணம் எங்கும் கிடக்கும் உடைந்த கண்ணாடியைக் காட்டித்தான் தொடங்குகிறது.

ராப் வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நாகப்பட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறைமுகத்தில் கப்பலேறித்தான் பல்லாயிரம் பேர் மலாயாவுக்குக் கூலிகளாகப் போனார்கள். 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் ஆல்பம் வந்தது மலேசியாவிலிருந்து. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள் ஞாபகம் வரும்.

இன்னொன்று. தாளில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். நடவில் பின்னுக்கு நகர்ந்தபடியே ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்த உடம்பின் மூச்சுதான் அங்கே அடியின் அளவு. ராப்பிலும் மூச்சுதான் அளவு. தம்பியைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். "ஒரு வாய்" என்ற இடத்தில் அவன் நிறுத்துகிறானா, ஓடிவிடுகிறானா? நிறுத்தினால் "தண்ணி இல்ல" வேறு மாதிரி விழும். அந்த நிறுத்தத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள்.

கடைசி இரண்டு வரியை மாற்றி எழுதினான் என்றால் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். லஸ்கரைக் கூப்பிடுகிறானா, தலைமடைக்காரரைக் கூப்பிடுகிறானா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா